‘கொடுச்சான்’னு எவனாவது சொல்லுதானாவே?

வாரும் மருமவனே, இப்படித் திண்ணையில இரும். வந்ததும் வராததுமா அடுக்களைக்குள்ள போயிராதேயும். நேத்துச் சாப்பிட்டு எந்திரிக்கும்போது உம்ம அத்தைகிட்ட ‘குழம்பில் உப்பு சற்றே மிகுந்துள்ளது’ன்னு சொன்னீராமே? எம்.ஏ. படிச்ச பிள்ளை இம்புட்டு அழகாப் புகழுதானேன்னு நெனச்சு, இன்னைக்கு இன்னொரு கை அள்ளிப் போட்டிருக்கா. ‘உப்பு கரிக்கு அத்தை’ன்னு சொல்லியிருந்தா நாம ரெண்டு பேரும் தப்பிச்சிருப்போம்.

சரி, தமிழ் வாத்தியார் வேலை கெடச்சிருக்கு, சந்தோசம். கெடச்ச கையோட தமிழைக் காப்பாத்தவும் கெளம்பிட்டீரு பாரும், அதுதான் எனக்குப் பயமா இருக்கு. பிள்ளைய வாயத் தொறந்தா தப்பு, பேனாவத் தொறந்தா தப்பு, இப்படியே போனா தமிழ் என்னத்துக்கு ஆகும்னு உங்க அம்மைகிட்டப் பொலம்புனீராம். எங்க அக்கா ராத்திரியெல்லாம் தூங்கல. தமிழ்னு யாரோ சொந்தக்காரிக்கு மேலுக்கு முடியலைன்னு நெனச்சுட்டா.

இந்தப் பொலம்பல் நீரு கண்டுபிடிச்சது இல்லவே. நான் கிளை நூலகத்துல புத்தகம் அடுக்கிப் பொழச்சவன். தூசி தட்டுதப்போ நாலு எழுத்து கண்ணுல விழத்தான செய்யும்? வீரசோழியம்னு ஒரு இலக்கணம். பதினோராம் நூற்றாண்டுல, வீரராசேந்திர சோழன் காலத்துல புத்தமித்திரரு செஞ்சது. அதுக்கு உரை எழுதுன பெருந்தேவனாரு, சனங்க தப்பாப் பேசுத சொல்லையெல்லாம் ஒரு எடத்துல எடுத்துக் காட்டுதாரு. வெற்றிலைய ‘வெச்சிலை’ங்காவளாம். முற்றத்த ‘முச்சம்’ங்காவளாம். ழகரத்த ளகரமாக்கிப் போடுதாவளாம். படிச்சிட்டு நான் ஏணியில இருந்து விழப் பார்த்தேன். ஏறக்கொறைய ஆயிரம் வருசம் ஓடிட்டு. நம்ம பக்கம் இன்னைக்கும் வாளப்பளம்தான் திங்கோம். மெட்ராசுல வாயப்பயம் திங்காவ. பழமும் தீரல, தமிழும் தீரல.

‘வெச்சிலை’ நம்ம ஊருல நிக்கல, அது வெத்தலைன்னு வேற பாதையில போயிட்டு. ஆனா அந்த ‘ற்று’வ ‘ச்சு’ ஆக்குத வாய் இருக்கே, அது சும்மா இருக்கல. போயிற்றைப் போச்சு ஆக்குச்சு, ஆயிற்றை ஆச்சு ஆக்குச்சு. அதோட நின்னுச்சா? வந்ததுங்கிற சொல்லுல ‘ற்று’வே கெடையாது. அதுலயும் போயி ஒட்டிக்கிட்டு, வந்துச்சு, நடந்துச்சு, இருந்துச்சுன்னு குடும்பம் நடத்துது. வெத்தலைக்குச் சொன்ன குத்தத்த இதுக்கு யாரு சொல்லுதா? உம்ம தலைமையாசிரியரே ‘மணி ஆச்சு’ன்னுதான் சொல்லுவாரு. ‘மணி ஆயிற்று’ன்னு சொன்னா பியூன் பெல் அடிக்க மாட்டான், முகத்தைப் பார்ப்பான்.

இப்போ உம்ம வழக்குக்கு வாரேன். ஒரு பய கட்டுரையில ‘அண்ணன் என்னைய அடிச்சான்’னு எழுதிட்டான்னு அரை மார்க்கைப் புடுங்குனீராம். புடுங்குனது உம்ம உத்தியோகம். பரீச்சைத்தாள்ல ‘அடித்தான்’னுதான் எழுதணும், நானும் ஒத்துக்கிடுதேன். ஆனா வகுப்பு முன்னால நின்னு ‘இதற்கு இலக்கணமே கிடையாது’ன்னு ஒரு தீர்ப்பு சொன்னீரு பாரும், அங்கதான் வசமா மாட்டிக்கிட்டீரு.

அந்தப் பயலக் கூப்பிட்டுக் கேளும்: “ஏல, அடிச்சான்ங்கே, கடிச்சான்ங்கே, சிரிச்சான், வெதச்சான், மாடு மேச்சான்ங்கே. ‘கொடுச்சான்’னு மட்டும் ஏம்ல சொல்ல மாட்டேங்கே?” அவன் சிரிப்பான். கொடுச்சான்னு யாராவது சொல்லுவாவளா சார்னு உம்மையே திருப்பிக் கேப்பான். ஏன் சொல்ல மாட்டாவ? ஏட்டுல அடித்தானும் கொடுத்தானும் ஒரே ‘த்த’தான? ஆனா வாய் பேதம் பார்க்குது. ‘த்த’வுக்கு முன்னால இகரமோ ஐகாரமோ யகர ஒற்றோ நின்னா அது ‘ச்ச’ ஆகும். உகரம் நின்னா ஆகாது. அதனால படித்தான் படிச்சான் ஆயிட்டான். படுத்தான் படுத்தபடியே கெடக்கான். ‘ந்த’வுக்கும் இதே சட்டம்தான்: தெரிந்தது தெரிஞ்சுது, மேய்ந்தது மேஞ்சுது, நடந்தது நடந்துதான் போகுது, ‘நடஞ்சு’ போகல. நெல்லையில, கோயமுத்தூருல, மெட்ராசுல, யாழ்ப்பாணத்துல, எங்க போனாலும் அடிச்சான், கொடுத்தான். இந்தச் சூத்திரத்த நன்னூல்ல தேடாதேயும், கெடைக்காது. ஆனா பால்குடி மறந்த பிள்ளை இதுல ஒரு நாளும் தப்பு பண்ணாது. நீரு எத்தனை வருசம் வல்லினம் மிகும் எடத்தப் பாடம் நடத்துனாலும், உம்ம பிள்ளைய அதுல தப்பு பண்ணாம எழுதுமா? மனச்சாட்சியத் தொட்டுச் சொல்லும்.

இதுல இன்னொரு கூத்தும் கேளும். நாம பேசும்போது ஐகாரத்த நறுக்கி அகரமாக்கிருதோம். கலைந்ததுங்கிறதக் கலஞ்சுச்சுங்கோம். ஐ போயிட்டு. ஐ போன பொறவு ‘கலந்தது’க்கும் ‘கலைந்தது’க்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் கலந்துச்சுன்னு ஆயிருக்கணும்லா? ஆகலையே! கூட்டம் கலந்துச்சுன்னா ஒண்ணோட ஒண்ணு சேந்துட்டு. கூட்டம் கலஞ்சுச்சுன்னா எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாவ. காணாமப் போன ஐகாரம் போகும்போது ‘ந்து’வ ‘ஞ்சு’ ஆக்கி அடையாளம் வச்சுட்டுத்தான் போயிருக்கு. இம்புட்டுக் கணக்கா வேலை செய்யுத வாயைப் பார்த்து, ‘கொச்சை’ன்னு பலகையில எழுதி அதுக்குக் கீழ ரெண்டு கோடு வேற போடுதீரு.

உம்ம அத்தையவே எடுத்துக்கிடும். பள்ளிக்கூடத்து வாசல் அறியாதவ. ‘ஆத்துல குளிச்சேன்’ங்கா. ‘ஆறுல ஒண்ணு போனா அஞ்சு’ங்கா. ஆறு ரெண்டும் ஒரே ஆறுதான எழுத்துல? ஓடுத ஆறுக்கு ஆத்து, எண்ணுத ஆறுக்கு ஆறு. மாடு மாட்டுக்கொட்டில் ஆகும், வீடு வீட்டுக்காரரு ஆகும், ஆனா வண்டு ‘வண்ட்டு’ ஆகாது. நெடில்தொடர்க் குற்றியலுகரத்துல டவும் றவும் இரட்டிக்கும்னு பவணந்தி முனிவரு நன்னூல்ல எழுதி வச்சிருக்காருன்னு நீரு மனப்பாடமா ஒப்பிப்பீரு. அவரு பதின்மூணாம் நூற்றாண்டு. அதுக்கு எத்தனையோ நூறு வருசம் முன்னாலேயே மாட்டுக்கொட்டில்ல சாணி அள்ளுனவ அதச் சரியாச் சொல்லிட்டுத்தான் அள்ளியிருக்கா. யாரு யாருகிட்டப் படிச்சதுன்னு நீரே தீர்மானிச்சுக்கிடும்.

கணக்குப்பிள்ளை வயலுக்கு வருவாரு, என்ன வெளஞ்சிருக்குன்னு பார்த்து அடங்கல்ல எழுதிட்டுப் போவாரு. இலக்கணகாரரும் அப்படித்தான்வே. அடங்கலப் படிச்சுப் பார்த்துட்டு நெல்லு மொளச்சதா எங்கயாவது கேள்விப்பட்டீரா? நீரு என்னடான்னா, போன தலைமுறை அடங்கலக் கக்கத்துல வச்சுக்கிட்டு, ‘இங்கே சோளம் என்று உள்ளது, நீ எப்படிப் பருத்தியாக நிற்கலாம்’னு செடியோட சண்டை பிடிக்கீரு.

தொல்காப்பியரு அப்படி இல்ல. அவரு நூலுக்குப் பாயிரம் எழுதுன பனம்பாரனாரே சொல்லுதாரு, வழக்கையும் செய்யுளையும் ரெண்டையும் ஆராஞ்சுதான் நூல் செஞ்சாருன்னு. வழக்குன்னா என்னது? சனங்க பேசுதது. திசைச்சொல்னு தனியா ஒரு பந்தி போட்டு, சுத்துப்பட்டு நாட்டுச் சொல்லையும் உக்கார வச்சாரு. அந்த மட்டுக்கும் பெரிய மனசு. ஆனா மனுசன் மரபியல்ல ஒரு கொக்கி போட்டுட்டாரு: வழக்குன்னா உயர்ந்தோரு வழக்குதான்னு. யாரு அந்த உயர்ந்தோருன்னு கேட்டா, காலங்காலமா புத்தகம் வச்சிருக்கவன் தன் நெஞ்சைத்தான் தொட்டுக் காட்டுதான்.

அவரு போட்ட விதியிலயே ஒண்ணு சொல்லுதேன். சகரத்துக்கு அ, ஐ, ஔ மூணும் சேந்து ‘ச, சை, சௌ’ன்னு சொல் ஆரம்பிக்காதுன்னு சொல்லிட்டாரு. அவரு காலத்துத் தமிழ் அப்படி இருந்திருக்கு. பொறவு என்ன ஆச்சு? சட்டி வந்துட்டு, சட்டை வந்துட்டு, சருகு வந்துட்டு, சளியும் பிடிச்சிட்டு. பவணந்தியாரு பார்த்தாரு. ‘தொல்காப்பியரு சொல்லல, அதனால உன் மூக்குல ஒழுகுதது சளி இல்ல’ன்னா சொன்னாரு? பன்னெண்டு உயிரோடயும் சகரம் முதல்ல வரும்னு கதவைத் தொறந்து விட்டுட்டாரு. உரை சொன்ன மயிலைநாதரு காட்டுத சொல்லுப் பட்டியல்ல இந்தச் சட்டியும் சளியும் வரிசையா நிக்கு. நூலை முடிக்கப் போற எடத்துல, பழசு கழியுததும் புதுசு நுழையுததும் காலத்தோட வேலை, குத்தமில்லன்னு சூத்திரமே போட்டுட்டாரு அந்த முனிவரு. அதை நீரு மேடையில சொல்லிக் கைதட்டு வாங்குவீரு. வகுப்புக்குள்ள வந்தா மட்டும் மறந்துருது.

இந்த ‘கள்’ளு சமாச்சாரமும் அப்படித்தான். நான் குடிக்கதச் சொல்லல, அதுக்கு உம்ம அத்தை தடை போட்டு வருசமாச்சு. பன்மைக்குப் போடுத ‘கள்’. அது அஃறிணைக்குத்தான் உரியதுன்னு தொல்காப்பியரு ஒதுக்கி வச்சிருந்தாரு: மாடுகள், மரங்கள். மனுசருக்கு அவர், மாந்தர்னு ‘அர்’ரே போதும். வள்ளுவரு காலத்துலயே அது வேலியத் தாண்டிட்டு. ‘மற்றையவர்கள்’ன்னும் ‘பூரியர்கள்’ன்னும் கொறள்ளயே இருக்கு. அவர்ங்கிறதே பன்மை. அது ஒத்த ஆளுக்கு மரியாதையாப் போனதும், பன்மைக்கு ஆள் இல்லாம ‘அவர்கள்’ன்னு மேல ஒண்ணு அடுக்குனாவ. இப்போ ‘மாண்புமிகு அமைச்சர் அவர்கள்’ன்னு அதையும் ஒத்த ஆளுக்கே போட்டாச்சு. மாட்டுக்கு ஒதுக்குன விகுதி மந்திரிக்கு மாலையாப் போயிட்டு. ரெண்டு பேருமே கோவிச்சுக்கிடல.

‘நீர்’ கதையும் இதேதான். ஆதியில பல பேரக் கூப்பிடுதது. பொறவு ஒருத்தர மரியாதையாக் கூப்பிட எறங்கிச்சு, அப்புறம் அதுக்கு மேல ‘நீங்கள்’ ஏறிக்கிட்டு. இன்னைக்கு மெட்ராசுல போயி ஒருத்தர ‘நீரு’ன்னு சொல்லிப் பாரும், சண்டைக்கு வாராருன்னு நெனப்பாவ. இங்க நான் உம்மை நீருங்கேன், அதுல மரியாதையும் இருக்கு, மாமன் உரிமையும் இருக்கு. அவர்களைத்தான் நாம அவியங்கோம், செவகங்கைப் பக்கம் அவுகங்காவ, மத்த எடத்துல அவங்கங்காவ. யாழ்ப்பாணத்துல ‘அவை வருகினம்’பாவ. நம்ம ஆளு அதக் கேட்டா ஏதோ ஆடு மாடு வருதுன்னு எட்டிப் பார்ப்பான். பார்த்துட்டுச் சிரிக்காம இருக்கணும். ஏன்னா அ, இ, உன்னு தொல்காப்பியரு சொன்ன மூணு சுட்டுல அந்த உகரச் சுட்ட நாம எப்பவோ தொலைச்சுட்டோம். அவிய வீட்டுல அது இன்னும் உசுரோட இருக்கு: உவன், உது, உங்கை. அந்தக் கணக்குல பார்த்தா சுத்தத் தமிழுக்கு நாமதான் அவியகிட்ட டியூசன் போகணும்.

செத்ததுக்குச் சோறு வைக்கிறதும் உண்டு. நிகழ்காலத்துக்கு ஆநின்று, கின்று, கிறுன்னு மூணு இடைநிலைன்னு நன்னூல் சொல்லுது. நீரும் நடத்துதீரு. ‘உண்ணாநின்றான்’னு இந்த ஊருல யாராவது உண்டு நீரு பார்த்திருக்கீரா? மூணு பேருல முதல்ல நிக்கவரு போயிச் சேர்ந்துட்டாரு. ஒரு மார்க் கேள்வியில மட்டும் வருசா வருசம் திவசம் நடக்கு. இந்தக் கின்று, கிறுவே சங்கப் பாட்டுல தேடிப்பிடிக்கணும், அம்புட்டு அரிது. தேவாரக்காரரும் ஆழ்வாரும் பாட வந்த காலத்துலதான் அதுக்கு வாழ்வு வந்துச்சு. இன்னைக்கு என்னடான்னா ‘சாப்புட்டுக்கிட்டு இருக்கான்’னு புதுசா ஒரு நிகழ்காலம் ஊரையே ஆளுது. மெட்ராசுல அதுவே ‘துன்னுகினு இருக்கான்’. செத்தவருக்கு மார்க் உண்டு. உசுரோட இருக்கவனுக்குச் சுழி. நல்ல நியாயம்வே உங்க நியாயம்.

நியாயம்னதும் ஒண்ணு கேக்கணும். மரூஉன்னு ஒண்ணு நடத்துதீருலா? சொல் தேஞ்சு மருவி வந்தா அது இயல்பு வழக்கு, குத்தமில்ல. தஞ்சாவூரு தஞ்சை ஆச்சு, புதுச்சேரி புதுவை ஆச்சு, திருநெல்வேலி நெல்லை ஆச்சு. ரொம்பச் சரி. நம்ம ஊரு கெழவி ‘தின்னவேலிக்குப் போறேன்’ங்காளே, அது என்னது? அதுவும் தேஞ்சதுதான? நெல்லைன்னு புலவர் சொன்னா மரூஉ, தின்னவேலின்னு களையெடுக்கவ சொன்னா கொச்சை. பெரிய வீட்டுப் பிள்ளை வேலி தாண்டுனா வெளையாட்டு, கூலிக்காரன் மவன் தாண்டுனா களவு. இலக்கணத்துல பாதி வாயைப் பார்த்து எழுதுனது. மீதி, அது யாரு வாய்ங்கிறதப் பார்த்து எழுதுனது. வழுவமைதின்னு வேற ஒரு ஏற்பாடு வச்சிருக்காவ. பசுமாட்டப் பார்த்து ‘எங்க அம்மை வந்துட்டா’ன்னு ஆசையாச் சொன்னா, திணை மாறுனாலும் பாசத்துல சொன்னதுன்னு மன்னிச்சு விட்டுருதாவ. மாட்டுக்குக் காட்டுத எரக்கத்த, மாடு மேச்சிட்டு வந்து உம்ம வகுப்புல உக்காருதானே, அவனுக்குக் காட்டுனா என்ன?

ஒரு வெள்ளக்காரச் சாமியாருக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல. இத்தாலியில இருந்து வந்த வீரமாமுனிவரு, தேம்பாவணி பாடுன மனுசன், செந்தமிழுக்கு ஒரு இலக்கணம் எழுதுனதோட நிக்காம, கொடுந்தமிழுக்குன்னு தனியா லத்தீன்ல ஒண்ணு எழுதுனாரு. செந்தமிழ்ல உபதேசம் பண்ணுனா முன்னால இருக்க சனம் எந்திரிச்சுப் போயிரும்லா? அதுல வேடிக்கை என்னன்னா, 1738ல அதை அச்சடிச்சுக் குடுத்தவிய தரங்கம்பாடி லுத்தரன் சபைக்காரவிய. இவரு கத்தோலிக்கரு, ரெண்டு தரப்பும் மதச்சண்டையில ஒருத்தர ஒருத்தர் கிழிச்சு எழுதுனவிய. சாமி விசயத்துல ஒத்துப்போகாதவிய, சனங்க பேசுத தமிழு வேணும்கிறதுல ஒத்துப்போயிட்டாவ.

நம்மவியள்லயும் ஆளு இல்லாம இல்ல. எடைசெவல் கி. ராஜநாராயணன் 1982ல கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு அகராதியே போட்டாரு. மேல்படிப்பு இல்லாத அந்தச் சம்சாரியத்தான் புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டு நாற்காலி போட்டு உக்கார வச்சுது. பெருமாள்முருகன் 2000ல கொங்குக்கு ஒண்ணு போட்டாரு, கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கு ஒண்ணு. எல்லாம் நான் அடுக்குன அலமாரியிலதான் இருந்துச்சு. தமிழாசிரியமாரு யாரும் அந்தப் பக்கம் திரும்பி நான் பார்த்ததில்ல. கோனார் நோட்ஸ் இருக்க பக்கம் மட்டும் தரை தேஞ்சு கெடக்கும்.

அதுக்காக எழுத்துத் தமிழைத் தூக்கி ஒடப்புல போடச் சொல்லுதேன்னு நெனச்சுராதேயும். யாழ்ப்பாணத்துக்காரன் எழுதுன கதைய நான் இந்தத் திண்ணையில இருந்து படிக்கேன்னா அது எழுத்துத் தமிழு குடுத்த வரம். அவனவன் வாய் போன போக்குல எழுதுனா கோவில்பட்டிக் கடுதாசி கோபிசெட்டிபாளையத்துல புரியாது. நானும் மனு எழுதுனா ‘மதிப்பிற்குரிய ஐயா’ன்னுதான் தொடங்குதேன். தாசில்தாரு கிட்ட ‘என்னவே’ன்னு எழுதுனா பட்டா வராது, போலீசு வரும். எழுத்துல செஞ்ச சொல்லு வாய்க்கு எறங்குததும் உண்டு. ‘அபேட்சகர்’ போயி ‘வேட்பாளர்’ வந்ததும் இந்த ஊருச் சனம் கூசாம வாங்கிக்கிட்டு. பேருந்தத்தான் பலகையிலேயே நிறுத்தி வச்சுட்டு, பஸ்ஸுல ஏறிப் போயிட்டிருக்கு. எதை எடுக்கணும், எதைத் தள்ளணும்னு சனங்க முடிவு பண்ணும். உம்மகிட்டயும் கேக்காது, எங்கிட்டயும் கேக்காது.

அதனால அந்தப் பயகிட்ட, ‘நீ பேசுததுக்கும் இலக்கணம் இருக்குல, எழுதுததுக்கு வேற இலக்கணம், ரெண்டையும் படி’ன்னு சொல்லும். அவன் ரெண்டு தமிழுக்குச் சொந்தக்காரன். நீரு ஒண்ணப் புடுங்கிட்டு இன்னொண்ணக் குடுக்கப் பார்த்தா ரெண்டும் இல்லாமப் போயிருவான்.

நாளைக் காலம்பற நான் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போறேன், கூட வாரும். காய்கறிக்காரவிய பேசுததக் கேட்டு எழுதிக்கிட ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கிடும். செவப்பு மை வேண்டாம்.